பின்காலனித்துவமும் இடப்பெயர்வு ஆய்வும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஏழெட்டுப் பேர் கூடி வாசிக்கிறோம். கலைப்பீட மாணவர்கள், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்கள், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். நான் பேராசிரியர் இல்லை. வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் பிறந்து, இப்போது பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவன். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

பின்காலனித்துவம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கோ.

ஒருவர் வளவை விற்றுவிட்டுப் போகிறார். ஆனால் கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்காலையும் காணி உறுதிப் பத்திரத்தில் தன் பெயருக்கே எழுதி வைத்துக்கொண்டு போகிறார். வாங்கியவர் ஒவ்வொரு நாளும் தண்ணீர் அள்ளும்போது யாருடைய கிணற்றில் அள்ளுகிறார்? காலனித்துவ ஆட்சி போன நாடுகளில் சட்டம், வரைபடம், குடிசன மதிப்பு, பாடப்புத்தகம், ஏன், எங்களை நாங்களே பார்க்கும் கண் எல்லாம் இந்தக் கிணற்றுப் பங்கு மாதிரித்தான் கிடக்கின்றன. அதை உறுதியை எடுத்து விரித்து வாசிக்கும் படிப்பு இது. 'பின்' என்றிருப்பதால் 'முடிந்த கதை' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளைக்காரன் 1948 இலேயே போய்விட்டான். இன்னும் ஏன் அவனைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

இதற்குக் கோட்பாடு தேவையில்லை, வர்த்தமானி (அரச அறிவித்தல் இதழ்) போதும்.

1840 இல் பிரித்தானியர் முடிக்குரிய காணிகள் பற்றி ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் சாரம் இது: காடாகவோ தரிசாகவோ ஆள் குடியிராமலோ பயிரிடாமலோ கிடக்கும் காணி எல்லாம், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, அரசுடையது என்றே கொள்ளப்படும். நிரூபிக்கும் வேலை குடியானவனுடையது. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களுக்குக் காணி எடுக்க இது பெரிய வசதியாக இருந்தது. சேனை செய்து (காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு), பல வருடம் நிலத்தை ஆறவிட்டு, திரும்பி வந்து வெட்டுகிற ஆளுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அவன் ஆறவிட்ட நிலம் சட்டத்தின் கண்ணுக்குத் தரிசு. 1897 இல் தரிசு நிலச் சட்டம் வந்தது. 1931 இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வந்தது.

சரி, இது பழங்கதை என்கிறீர்களா? 2025 மார்ச் 28 ஆம் திகதி, அதே 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வட மாகாணத்தில் கிட்டத்தட்ட 5,900 ஏக்கர் காணி பற்றி ஒரு வர்த்தமானி வந்தது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதற்குள் அடக்கம். மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அது அரச காணி ஆகிவிடும் என்றது அந்த அறிவித்தல். உறுதியை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்தவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில் இருப்பவர்? கனடாவில் ஸ்காபரோவில் இரவு வேலைக்குப் போகிறவர்? எதிர்ப்பு எழுந்தது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

எனக்கு இதில் பிடிபட்டது இதுதான். 1840 ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, 1931 ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, மனிதன் என்றால் ஓரிடத்தில் இருப்பவன் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. நடமாடுகிறவன் அதில் குற்றவாளி, அல்லது இல்லாதவன். வன்னியில் யார்தான் ஓரிடத்தில் இருந்தோம்? இடப்பெயர்வைப் படிக்க வருகிறவர் நகர்ந்த ஆட்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், நகராமல் நிற்கும் இந்தச் சட்டத்தைக் காணாமல் போய்விடுவார்.

வன்னி வெறும் காடாகத்தானே இருந்தது? அங்கே காலனித்துவத்துக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியே காலனித்துவத்தின் வேலைதான். (கேட்டவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கோபிக்கவில்லை, சிரித்தார்.)

வன்னிமைகளின் (உள்ளூர்ச் சிற்றரசுகளின்) ஆட்சி இருந்த நாடு இது. 1803 ஆகஸ்டில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிரித்தானியரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அந்த வருடம் ஒக்டோபர் 31 ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் டிரிபேர்க்கின் படையிடம் தோற்றான். அந்த இடத்தை எங்களுக்குச் சொன்னதே ஓர் ஆங்கிலக் கல்வெட்டுத்தான்: இந்த இடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று. வசனத்தின் எழுவாய் யார் என்று பாருங்கள். எங்கள் வீரன் அதில் செயப்படுபொருள். நாங்கள் மாலை போட்டு நினைவுகூர்ந்ததும் அந்த வசனத்துக்கு முன்னால் நின்றுதான்.

பிறகு பேனை வந்தது. 1895 இல் ஜே. பி. லூயிஸ் என்ற பிரித்தானிய அதிகாரி வன்னி மாவட்டங்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டார். இன்றும் வன்னி வரலாறு எழுதுகிறவர் அதைத் தாண்டிப் போக முடியாது. பயனுள்ள புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் வரி எடுக்கிற, நிர்வாகம் செய்கிற ஒருவரின் கண் அது. காய்ச்சலும் காடும் தூர்ந்த குளமும் அந்தக் கண்ணுக்கு முன்னால் நிற்கும். காட்டுக்குள் ஒரு குளத்துக்குக் கீழே பத்து வீடு இருந்து, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்து போகும் வாழ்க்கை அவ்வளவாகத் தெரியாது. பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சைத் 1978 இல் 'கீழைத்தேயவாதம்' என்று பெயர் வைத்தது இந்த மாதிரிப் பார்வைக்குத்தான்: ஒரு நாட்டைப் பற்றி எழுதி எழுதியே, ஆளப்பட வேண்டிய பொருளாக அதை ஆக்கிவிடுவது.

'வெறும் காடு' என்று எழுதியானால் அடுத்தது குடியேற்றம். இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. 1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. 1936 இல் யாழ்ப்பாணத்துச் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கக் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. எங்கள் அப்பப்பா தீவகத்திலிருந்து வட்டக்கச்சிக்கு வந்ததும் பிறகு வந்த அப்படியொரு திட்டத்தில்தான். அவரும் 'காட்டை வெட்டிக் கழனியாக்கினோம்' என்று பெருமையாகச் சொல்வார். அந்தக் காட்டில் முன்னமே தேன் எடுத்தவன், மாடு சாய்த்தவன் அவர் கதையில் வரவே மாட்டான். ஆக, பார்வை லூயிஸோடு நின்றுவிடவில்லை. அப்பப்பாவிடமும் இருந்தது.

அகதி, இடம்பெயர்ந்தவர், புலம்பெயர்ந்தவர் எல்லாம் ஒன்றா?

பேச்சில் கலந்துதான் பேசுகிறோம். எழுதும்போது பிரிக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒவ்வொரு கந்தோர் இருக்கிறது.

'புலம்பெயர்' பழைய சொல். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, 'புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்' ஊர் என்கிறது. அங்கே அது வணிகம் செய்ய வந்தவரைக் குறிக்கும் மரியாதையான சொல், கண்ணீர் இல்லை. இன்றைக்கு ஈழத்தமிழில் புலம்பெயர்ந்தவர் என்றால் வெளிநாட்டுக்குப் போனவர், இடம்பெயர்ந்தவர் என்றால் நாட்டுக்குள்ளேயே ஓடியவர். முதலாமவர் காசு அனுப்புவார், இரண்டாமவர் நிவாரணம் எடுப்பார் என்பது எங்கள் தபாலதிபரின் விளக்கம்.

'அகதி' என்பதற்குச் சட்ட வரையறை 1951 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் வருகிறது. அந்த உடன்படிக்கை முதலில் 1951 ஜனவரி 1 க்கு முன் நடந்த சம்பவங்களால் அகதியானவருக்கு மட்டும்தான். விரும்பிய நாடு 'ஐரோப்பாவில் நடந்தவை மட்டும்' என்றும் சுருக்கிக்கொள்ளலாம். ஐரோப்பா தன் யுத்தத்துக்காகத் தைத்த சட்டை அது. ஆசியா, ஆபிரிக்கா காலனித்துவத்திலிருந்து பிரிந்தபோது ஓடிய சனத்துக்கு அளவெடுக்கவில்லை. 1967 ஆம் ஆண்டு இணைப்பு ஒப்பந்தம்தான் காலத்தையும் இடத்தையும் தளர்த்தியது. இலங்கையும் இந்தியாவும் இன்றுவரை இரண்டிலும் கையெழுத்திடவில்லை. அதனால் மண்டபத்தில் இருப்பவர் சட்டப்படி அகதி என்ற நிலையைப் பெறவில்லை. ஊர் அவரை அகதி என்றுதான் கூப்பிடுகிறது.

அப்புறம் எங்கள் உள்ளூர்ச் சொற்கள். 2009 இல் போர் முடிந்தபோது முள்வேலிக்குள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாம் காகிதத்தில் 'நலன்புரி நிலையம்'. 2012 செப்டெம்பரில் அதை மூடியபோது கடைசியாக ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் கேப்பாப்புலவு மக்கள். அவர்கள் காணி படையினரிடம் இருந்தது. ஆகவே பக்கத்துக் காட்டில் சீனியாமோட்டையில் இறக்கினார்கள். கணக்கில் அது 'மீள்குடியேற்றம்'. சொந்த வேலியைத் தூரத்தில் நின்று பார்க்கும் மீள்குடியேற்றம். ஆய்வு எழுதும் பிள்ளைகள் இந்தச் சொற்களை அரச அறிக்கையிலிருந்து அப்படியே தூக்கி வைப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேற்கோள் குறியாவது போடுங்கோ.

யார் யாரை வாசிக்க வேண்டும்?

இந்தப் படிப்பின் பெரிய பெயர்கள் என்று எல்லோரும் சைத், ஸ்பிவாக், ஹோமி பாபா என்று மூன்று பேரைச் சொல்வார்கள். நான் இடப்பெயர்வு படிக்க வருகிறவருக்கு வேறு இரண்டு பேரில் தொடங்கச் சொல்வேன்.

முதலாமவர் எங்கடை ஆள், அ. சிவானந்தன். 1923 இல் பிறந்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு இலண்டன் போனார். போய் இறங்கிய அதே வருடம் நொட்டிங் ஹில்லில் கறுப்பினத்தவருக்கு எதிரான கலவரம். ஒரு தீயிலிருந்து இன்னொரு தீ. இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து, பிறகு அதன் இயக்குநரானார். பிரித்தானியாவில் 'ஏன் இங்கே வந்தீர்கள்' என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் உலகமெங்கும் சுற்றியது: நீங்கள் அங்கே வந்தீர்கள், அதனால் நாங்கள் இங்கே இருக்கிறோம். குடிவரவு ஆய்வின் பாதிப் புத்தகங்கள் இந்த ஒரு வசனத்தின் அடிக்குறிப்பு என்று சொல்லலாம், கொஞ்சம் மிகைதான்.

இரண்டாமவர் அல்ஜீரியாக்காரர் அப்தெல்மாலெக் சயாத். பிரான்சுக்கு வேலைக்குப் போன அல்ஜீரியரை வாழ்நாள் முழுக்கக் கேட்டு எழுதியவர், 1998 இல் இறந்தார். வந்தவரை மட்டும் பார்ப்பது அரைப் படிப்பு என்பார் அவர். வந்தவர் ஒரு வீட்டை விட்டுப் போனவரும்கூட, அந்த வீட்டில் அவர் இடம் காலியாகக் கிடக்கிறது, வந்த ஊரிலோ அவர் ஆளாகக் கணக்கெடுக்கப்படுவதில்லை. இதை 'இரட்டை இன்மை' என்றார். முரசுமோட்டையில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சுவிஸ் காசில் மாபிள் போட்ட மண்டபம், பூட்டிக் கிடக்கும் மேல்மாடி அறை, அதற்குள் உறை கழற்றாத மெத்தை. தாய் கீழே குசினிப் பக்கத்தில் பாயில் படுப்பார். சயாத்தை அங்கே வைத்து வாசித்தால் உடனே விளங்கும்.

ஃபனானை மனநலம் படிப்பவர்கள் விடக்கூடாது. அவர் அல்ஜீரிய யுத்த காலத்து மனநல வைத்தியர். லீசா மல்கி தன்சானியாவில் ஹூட்டு அகதிகளிடம் செய்த ஆய்வும் (1995) முக்கியம். முகாமில் இருந்தவர்கள் தங்கள் இனத்தின் வரலாற்றை இறுக்கமாகக் கட்டிப் பிடித்திருந்தார்கள். பட்டினத்தில் கலந்து வாழ்ந்தவர்கள் அடையாளத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். வவுனியாவில் முகாமில் இருந்த குடும்பத்தையும், சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கிய குடும்பத்தையும் இப்படி ஒப்பிட்டு யாராவது எழுதினால் நன்று.

ஸ்பிவாக் 'அடித்தள மக்கள் பேச முடியாது' என்கிறாராமே? அது பிழை தானே?

தலைப்பை மட்டும் வாசித்தவர்கள் பரப்பிய வதந்தி. 1988 இல் வந்த அந்தக் கட்டுரை, அவர்களால் பேச முடியுமா என்று கேட்கிறது. இறுதியில் ஒரு சம்பவம் வரும். 1926 இல் கல்கத்தாவில் புவனேஸ்வரி பாதுரி என்ற இளம்பெண் தூக்கிட்டுச் சாகிறாள். கள்ளக் கர்ப்பம் என்றுதான் ஊர் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் மாதவிலக்கு வரும்வரை காத்திருந்து செய்கிறாள். அவள் ஓர் ஆயுதப் போராட்டக் குழுவைச் சேர்ந்தவள், ஒப்படைத்த கொலையைச் செய்ய முடியாமல் இந்த முடிவுக்கு வந்தாள் என்பது வருடங்கள் கழித்துத்தான் தெரியவந்தது. அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயும், குடும்பத்துப் பெண்களே அதைக் காதல் விவகாரம் என்றுதான் பேசினார்கள். அவள் பேசினாள், கேட்க ஆளில்லை. ஸ்பிவாக் சொல்வது அதைத்தான்.

இங்கே ஒன்று சொல்கிறேன். எங்கள் வட்டத்துப் பையன் ஒருவன் விசுவமடுப் பக்கம் வினாக்கொத்தோடு போனான். ஆறாவது கேள்வி: எத்தனை தடவை இடம்பெயர்ந்தீர்கள்? பக்கத்தில் இரண்டு இலக்கம் எழுதச் சின்னப் பெட்டி. அந்த அம்மா கேட்டாவாம், "தம்பி, சாமானோட வெளிக்கிட்டதை மட்டும் எண்ணவோ, வெறுங்கையோட ஓடினதையும் எண்ணவோ?" அவன் முழித்திருக்கிறான். பிறகு அவ விரல் மடித்து எண்ணத் தொடங்கினா. ஊரின் பெயரால் எண்ணவில்லை. கூரைத் தகரம், கதவு, தண்ணீர் இறைக்கும் மோட்டர் எல்லாம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறியது தருமபுரம் மட்டும். உடையார்கட்டில் தகரம் போனது. சுதந்திரபுரத்தில் தையல் மெஷின். இரணைப்பாலையில் ஆடு இரண்டு. மாத்தளனில் தறப்பாள். அதற்கு அங்கால் எண்ணுவதை நிறுத்திவிட்டா. பையன் பெட்டிக்குள் '11' என்று எழுதிக்கொண்டு வந்தான்.

நான் அவனைப் பிழை சொல்ல மாட்டேன். படிவம் அவன் செய்ததல்ல. ஆனால் அந்த அம்மா ஓர் இடப்பெயர்வுக் கோட்பாட்டையே சொல்லி முடித்திருக்கிறா, எங்களிடம் வந்து சேர்ந்தது பதினொன்று.

மலையகத் தமிழர் வன்னிக்கு எப்படி வந்தார்கள்?

இரண்டு தடவை வந்தார்கள். முதல் தடவை வன்னியைக் கடந்து போனார்கள்.

19 ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து கூட்டி வந்தவர்களை மன்னார்க் கரையில் இறக்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடத்திப் போனார்கள். கண்காணி முன்னால், சனம் பின்னால். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் பலர். எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். பிறகு 1914 இல் தலைமன்னார் ரயில் பாதை வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. தோட்டங்களுக்கு வருகிறவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று தடுத்து வைத்துப் பார்க்கும் இடம். அதே மண்டபம் முகாமில்தான் 1964 ஆம் ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டவர்களும் வந்து இறங்கினார்கள். 1983 க்குப் பிறகு எங்கள் ஆட்கள் படகில் போய் இருந்ததும் அங்கேதான். போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் ஓடி ஒளியும் வழிக்கும் ஒரே வாசல். காலனித்துவமும் இடப்பெயர்வும் எங்கே சந்திக்கின்றன என்று கேட்பவருக்கு நான் காட்டுவது அந்த இடத்தைத்தான்.

இரண்டாவது தடவை, வன்னிக்கே வந்தார்கள். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. அந்த 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். எழுபதுகளின் தோட்டப் பஞ்சமும் 1977, 1983 வன்செயல்களும் அவர்களை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குத் தள்ளின. காந்தியம் அமைப்பு பலரைக் குடியமர்த்தியது. பாரதிபுரம், மலையாளபுரம் என்று ஊர்கள் எழுந்தன. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை இருந்த காலம், கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது, காணி அனுமதிப்பத்திரம் பலருக்குக் கிடைக்கவில்லை. ஐம்பது வருடமாக இருந்தும் 'அத்துமீறிக் குடியிருப்பவர்' என்ற வரிக்குள் கிடந்தவர்கள் உண்டு. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை குடியுரிமைக்கு அலைந்தவர்களும் உண்டு.

அவர்களை ஒதுக்கியது நாங்களும் தானே?

ஓம். 'வடக்கத்தியான்', 'தோட்டக்காட்டான்' என்ற சொற்களைக் கண்டுபிடித்தது பிரித்தானியர் இல்லை. கல்யாணம் பேசும்போது 'ஆக்கள் எந்தப் பக்கம்?' என்று கேட்பதும் அவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்தவருக்கு வன்னி 'காட்டுப் பக்கம்', கஷ்டப் பிரதேசம், இடமாற்றம் வந்தால் அழுகிற இடம். வன்னிக்காரருக்கு மலையகத்தார் கூலி. பார்வை படிப்படியாகக் கீழே இறங்கும். ஹோமி பாபாவின் 'போலச் செய்தல்' (ஆளப்பட்டவர் ஆண்டவரைப் போல நடக்கப் பார்ப்பது) பற்றிய கட்டுரையை எங்கள் வட்டத்தில் வாசித்த அன்று, யாரும் ஆங்கிலேயரைப் பற்றிப் பேசவில்லை. மாமா, பெரியப்பா பற்றியே பேசினார்கள்.

1990 இல் முஸ்லிம்களை வெளியேற்றியது பற்றி இந்தக் கோட்பாடு என்ன சொல்கிறது?

கோட்பாடு சொல்வதற்கு முன் நாங்கள் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் அவர்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலம். பெரும்பாலானோர் புத்தளத்தில் போய் ஒதுங்கினார்கள்.

ஒரு நிலம், அதற்கு ஒரு சனம், அதற்கு ஒரு நிறம் என்று வரைபடம் கீறும் பழக்கம் காலனித்துவக் குடிசன மதிப்பில் இறுகியது என்று எழுதலாம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த வசனத்தை எழுதிவிட்டுத் தப்பிவிட முடியாது. பிறகு வந்த அரச கணக்கெடுப்பில் இவர்கள் 'பழைய இடம்பெயர்ந்தோர்' என்று பிரிக்கப்பட்டார்கள், 2009 இல் வந்தவர்கள் 'புதிய இடம்பெயர்ந்தோர்'. புதியவருக்கு முன்னுரிமை. இருபது வருட வலிக்குப் 'பழைய' என்று முத்திரை குத்தி ஓரமாக வைத்தாயிற்று. முல்லைத்தீவில் திரும்பி வந்து காணி கேட்டபோது, அந்தக் காணி காடாகிவிட்டது, காட்டை வெட்டக்கூடாது என்றார்கள். 1840 ஞாபகம் வருகிறதா?

'கலப்பு அடையாளம்', 'மூன்றாம் வெளி' எல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

இரண்டு பண்பாட்டுக்கு நடுவில் நின்று புதிதாக ஒன்றை ஆக்குவதைத்தான் ஹோமி பாபா இப்படிச் சொல்கிறார். ரொறன்ரோவில் தமிழும் ஆங்கிலமும் கலந்து ராப் பாடும் பிள்ளைக்கு நன்றாகப் பொருந்தும். கடவுச்சீட்டு இருக்கிறவரின் கோட்பாடு அது என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. போர்க் காலத்தில் இந்த ஊரில் இரண்டு பக்கப் பாஸ் எடுத்துத்தான் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டினோம், புலிகளின் பயண அனுமதி ஒன்று, வவுனியாவில் தங்க இராணுவம் தந்த துண்டு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு சூனியப் பிரதேசம் இருந்தது. அதுவும் மூன்றாம் வெளிதான், பாபா சொன்ன மாதிரி இல்லை.

எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டுவதுதானே இந்தப் படிப்பு?

நல்லாய்ப் படிக்காதவர் கையில் அப்படித்தான் ஆகும். இன்னுமொரு ஆபத்தும் இருக்கிறது. இந்த மொழியை அரசும் அழகாகப் பேசும். மனித உரிமை என்றால் 'மேற்கத்தியச் சதி', விசாரணை என்றால் 'புதிய காலனித்துவம்'. காலனித்துவச் சட்டத்தால் காணி எடுத்துக்கொண்டே காலனித்துவ எதிர்ப்புப் பேசலாம், ஒரு தடையும் இல்லை. ஆகவே யார் பேசுகிறார் என்பதைவிட எந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று பாருங்கள்.

ஆங்கிலம் தெரியாமல் படிக்கலாமா?

தொடங்கலாம். தமிழில் கட்டுரைகள் இருக்கின்றன, இணையத்தில் நூலகம் திட்டம் ஈழத்துப் பிரசுரங்களை இலவசமாக வைத்திருக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் ஆங்கிலம் தேவைப்படும். அதுவும் ஒரு கிணற்றுப் பங்குதான், என்ன செய்ய.

ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். எங்கே தொடங்கலாம்?

வீட்டுக் கடுதாசிகளில். எங்கள் அப்பாச்சி ஒரு ரெக்சின் பை வைத்திருந்தா. 1996 இல் ஸ்கந்தபுரத்துக்கு ஓடியபோதும், 2009 இலும் அந்தப் பை அவவின் மடியில் இருந்தது. உள்ளே அப்பப்பாவின் காணி அனுமதிப்பத்திரம், மடிப்பில் கிழிந்து ஒட்டியது, பங்கீட்டு அட்டை, செத்தவீட்டுக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) ஒன்று, மெனிக் பாம் அடையாள அட்டை, ஒரு மருந்துத் துண்டு. அனுமதிப்பத்திரத்தில் அப்பப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். காணி மாற்றப் போன இடத்தில், இது இரண்டு ஆள் என்றார்கள். ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க ஏழு மாதம். அதற்குள் இன்னொரு சிக்கல். 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம். மாமிக்குச் சீதனமாகக் கொடுத்ததாக எல்லோரும் வாயால் ஒத்துக்கொண்ட துண்டு சட்டத்தில் பெரியப்பாவுக்குப் போகும் நிலை. அந்த வரிசையை 2022 இல்தான் திருத்தினார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கும். ஒவ்வொரு கடுதாசியையும் எடுத்து, இதை யார் கேட்டார், எதற்குக் கேட்டார், இது இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். முதல் அத்தியாயம் வந்துவிடும். சைத்தை இரண்டாம் அத்தியாயத்தில் கூப்பிடலாம்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். வன்னியில் உள்ளவர்களைத் தொலைபேசியில் நேர்கண்டு எழுதலாமா?

எழுதலாம். ஆனால் அவர்கள் உங்களை ஆய்வாளராகக் காணும் முன் காசு அனுப்பக்கூடியவராகக் காண்பார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கட்டுரையில் அதையும் எழுதுங்கள். முதல் அழைப்பிலேயே 2009 பற்றிக் கேட்க வேண்டாம். கிணறு எப்படி, வெள்ளாமை எப்படி, மாடு கன்று போட்டதா என்று தொடங்குங்கள், அவர்களாக அங்கே வருவார்கள், வராவிட்டால் விடுங்கள். பதிவு செய்வதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கனடாவில் காலை என்றால் இங்கே பொழுதுபட்டிருக்கும், யானைக்குக் காவல் இருக்கிற நேரம். மார்கழி, தை மாதங்களில் எடுத்தால் யாரும் ஆறுதலாகக் கதைக்க மாட்டார்கள். காலபோக (மாரி மழைக்கால நெல்) அறுவடை முடிந்து, நெல்லை விற்று, பங்குனியில் எடுங்கள்.